துறைக்குள்ளேயே ஒரு துணை: பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பயிற்சிப் பட்டறையை முடித்துவிட்டுத் தத்தம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய உயிரியல் ஆசிரியர்களிடம், வகுப்பு நடத்தும் முறையை மாற்றிக்கொண்டீர்களா என்று கேட்டபோது, நூற்றுக்கு 89 பேர் மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். அதே ஆசிரியர்களின் வகுப்புகளை ஒளிப்பதிவு செய்து பார்த்தபோது, நூற்றுக்கு 75 பேர் முன்போலவே விரிவுரையை மையமாக வைத்துத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் டயன் எபர்ட்-மேயும் அவருடைய குழுவினரும் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. ஆசிரியர்கள் பொய் சொன்னார்கள் என்று இதைப் புரிந்துகொள்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி. தாங்கள் மாறிவிட்டதாகவே அவர்கள் நம்பினார்கள். பட்டறையில் கேட்டதில் ஒன்றிரண்டை முயன்றும் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்த முயற்சி எங்கே தவறுகிறது, எதைத் திருத்தினால் சரியாகும் என்று பக்கத்தில் இருந்து சொல்ல அவர்களுக்கு யாரும் இல்லை.

பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களின் தொடர் வளர்ச்சிக்கு எவ்வாறு துணை நிற்கின்றன என்ற கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒரு பட்டியல்தான்: புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அறிமுகப் பயிற்சி, இடையிடையே புத்தாக்கப் பயிற்சி, ஆய்வு விடுப்பு, மாநாட்டுப் பயணச் செலவு, கற்பித்தல் மையம் ஒன்று. இவற்றில் எதையும் நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை ஆசிரியரை அவருடைய வகுப்பறையிலிருந்து வெளியே அழைத்துச் சென்று எதையோ கொடுத்துத் திருப்பி அனுப்புகின்றன. திரும்பிய பின் என்ன ஆனது என்று பார்ப்பது அரிது. இந்த முறையை ஏறத்தாழத் தலைகீழாக்கிப் பத்தாண்டு காலம் நடத்திப் பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தின் அனுபவத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். கனடாவில், வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய கார்ல் வீமன் அறிவியல் கல்வி முன்முயற்சிதான் அது.

திட்டம் பிறந்த விதம்

கார்ல் வீமன் இயற்பியலாளர். மிகக் கடுங்குளிரில் அணுக்கள் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருள் என்ற நிலையை உருவாக்கியதற்காக எரிக் கார்னெல், வோல்ஃப்காங் கெட்டர்லே ஆகியோருடன் 2001இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கற்பித்தலின் பக்கம் அவர் திரும்பியதற்குக் காரணமாக அவரே பல இடங்களில் சொல்லியிருப்பது, தம் ஆய்வகத்தில் கண்ட ஒரு புதிர். முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து சேரும் மாணவர்கள் பதினாறு, பதினேழு ஆண்டுகள் படித்து, தேர்வுகளில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள். ஆனால் ஆய்வில் இறங்கினால் என்ன செய்வதென்றே தெரியாமல் நிற்பார்கள். அதே மாணவர்கள் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை செய்த பின் தேர்ந்த இயற்பியலாளர்களாக ஆகிவிடுவார்கள். இத்தனை ஆண்டு வகுப்பறைப் படிப்பு தராத ஒன்றை ஆய்வகம் எப்படித் தந்தது என்ற கேள்வியே அவரைக் கற்றல் ஆய்வுகளைப் படிக்க வைத்தது.

ஆய்வகத்தில் நடப்பது என்ன? மாணவர் ஓர் உண்மையான சிக்கலோடு மல்லுக்கு நிற்கிறார், தவறு செய்கிறார், பக்கத்தில் இருக்கும் அனுபவசாலி அந்தத் தவறை அன்றே காட்டிக்கொடுக்கிறார், மறுபடி முயல்கிறார். மாணவருக்குப் பொருந்தும் இந்த உண்மை ஆசிரியருக்கும் பொருந்தும் என்பதே இந்தத் திட்டத்தின் உயிர்நாடி என்பது என் கணிப்பு. வேதியியல் பேராசிரியர் ஒருவர் மூன்று நாள் பட்டறையில் உட்கார்ந்து கற்பித்தலைக் கற்றுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது, மாணவர் வெறும் விரிவுரையைக் கேட்டு வேதியியலாளர் ஆகிவிடுவார் என்று எதிர்பார்ப்பதைப் போன்றது. விரிவுரையை நம்ப வேண்டாம் என்று விரிவுரையாகவே சொல்லிக்கொடுக்கும் பயிற்சிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வீமன் முதலில் 2006இல் தாம் பணியாற்றிய கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் இதே வடிவில் சிறிய அளவில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு இடம்பெயர்ந்தபோது அந்தப் பல்கலைக்கழகம் ஏறக்குறைய ஒரு கோடி டாலர் அளவுக்கு நிதி ஒதுக்கியது. அந்த நிதி செலவிடப்பட்ட முறையில்தான் புதுமை இருந்தது. பணம் ஒரு நடுவண் மையத்தில் தங்காமல் துறைகளுக்குச் சென்றது. இளநிலைப் படிப்பை எப்படி மேம்படுத்தப் போகிறோம் என்று அறிவியல் துறைகள் திட்டவரைவு எழுதிப் போட்டியிட வேண்டியிருந்தது. வலுவான வரைவைத் தந்த துறைக்கே பெரும்பங்கு கிடைத்தது. வழக்கமாக ஆய்வு நிதிக்குப் போட்டியிடும் பேராசிரியர்கள் கற்பித்தலுக்காகக் கூடி உட்கார்ந்து விவாதித்து எழுத வேண்டி வந்ததே ஒரு மாற்றம்.

கற்றல் ஆய்வாளர்

நிதியின் பெரும்பகுதி ஒரு புதிய பணிக்குச் சம்பளமாகச் சென்றது. அந்தப் பணியாளர்களுக்கு அறிவியல் கற்பித்தல்-கற்றல் ஆய்வாளர் என்று பெயர். பெரும்பாலும் அந்தத் துறையிலேயே முனைவர் பட்டம் பெற்றவர்கள்: இயற்பியல் துறைக்கு இயற்பியலாளர், புவியறிவியல் துறைக்குப் புவியறிவியலாளர். வேலையில் சேர்ந்தபின் கற்றல் உளவியலையும் கற்பித்தல் ஆய்வுகளையும் நடுவண் குழு அவர்களுக்குத் தொடர்ச்சியாகக் கற்றுக்கொடுத்தது. அவர்களுடைய மேசை துறைக்குள்ளேயே இருந்தது; துறைக் கூட்டங்களில் அவர்களும் அமர்ந்தார்கள்.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் கவனிக்கத்தக்கது. கல்வியியல் துறையிலிருந்து ஒருவர் வந்து குவாண்டம் இயந்திரவியலை இப்படி நடத்துங்கள் என்றால், எங்கள் பாடம் வேறு, அதன் சிக்கல் உங்களுக்குத் தெரியாது என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலில் ஓரளவு நியாயமும் உண்டு. பாடத்தை ஆழமாக அறிந்த ஒருவரிடம் அந்தப் பதிலைச் சொல்ல முடியாது. அதே சமயம், ஆய்வாளருக்கு ஆசிரியர்மீது எந்த அதிகாரமும் இல்லை. மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவரோ பணி உயர்வைத் தீர்மானிப்பவரோ அல்லர் என்பதால், என் வகுப்பில் பாதிப் பேருக்கு இது புரியவில்லை என்று ஆசிரியர் அவரிடம் மனம்விட்டுச் சொல்ல முடிந்தது. வகுப்பை ஆசிரியருக்குப் பதிலாக எடுத்து நடத்தும் ஆளாகவும் அவரைப் பயன்படுத்தக்கூடாது. பாடம் என்றும் ஆசிரியருடையதாகவே இருக்கும்.

திட்டம் மூன்று கேள்விகளை வரிசையாக வைத்திருந்தது. மாணவர் எதைக் கற்க வேண்டும்? இப்போது உண்மையில் எதைக் கற்கிறார்? எந்தக் கற்பித்தல் முறை அந்த இடைவெளியைக் குறைக்கும்? முதல் கேள்வி எளிதாகத் தோன்றினாலும் அதுதான் கடினமானது. பாடத்திட்டத்தில் "மின்காந்த அலைகள்" என்று ஒரு தலைப்பு இருக்கும். அதை நடத்தி முடித்தபின் மாணவர் என்ன செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்று கேட்டால், ஒரே பாடத்தை ஆண்டுகணக்கில் நடத்திவரும் இரு ஆசிரியர்கள் இரு வேறு விடைகளைத் தருவார்கள். ஆய்வாளர் அந்த விடைகளைக் கேட்டு, எழுதி, திரும்பக் காட்டி, திருத்தி, "புரிந்துகொள்வார்" என்ற சொல் வரும் இடமெல்லாம் "கணிப்பார்", "ஒப்பிடுவார்", "காரணம் காட்டுவார்" என்பவற்றில் எது பொருந்தும் என்று ஆசிரியரோடு உட்கார்ந்து முடிவுசெய்வார். இரண்டாம் கேள்விக்காக மாணவர்களைத் தனித்தனியாக அழைத்து, ஒரு கணக்கைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடச் சொல்வார். விடை சரியாக வந்த மாணவரே தவறான காரணத்தால் அங்கே வந்து சேர்ந்திருப்பது அப்படித்தான் வெளிப்படும். அந்தத் தவறான காரணங்களே பின்னர் வகுப்பில் கிளிக்கர் என்னும் கையடக்க வாக்குக் கருவியால் விடையளிக்கும் கேள்விகளின் பிற தெரிவுகளாக மாறும்.

நடைமுறையில் எல்லா ஆசிரியர்களும் இந்த வரிசையில் வரவில்லை. கிளிக்கர் கேள்விகளை முயன்று பார்க்கலாம் என்று தொடங்கி, மாணவர்களின் விடைகள் திரையில் சிதறுவதைக் கண்டபின்தான் முதல் இரு கேள்விகளுக்குத் திரும்பியவர்கள் உண்டு. ஆசிரியருக்கு எங்கே உறுத்துகிறதோ அங்கே தொடங்க விடுவதே சரி என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு குறி

தன் வகுப்பில் என்ன நடக்கிறது என்பது ஆசிரியருக்கே சரியாகத் தெரிவதில்லை என்பதைத் தொடக்கத்தில் சொன்ன ஆய்வு காட்டியது. இதற்காக மைன் பல்கலைக்கழகத்தின் மிஷெல் ஸ்மித்தும் பிரிட்டிஷ் கொலம்பியாக் குழுவினரும் சேர்ந்து கோப்பஸ் என்ற வகுப்பு நோக்கீட்டுப் படிவத்தை உருவாக்கி 2013இல் வெளியிட்டார்கள். கடைசி வரிசையில் ஒருவர் படிவத்தோடு அமர்ந்திருப்பார். இரண்டு நிமிடங்களுக்கு ஒரு வரி. அந்த இரண்டு நிமிடத்தில் மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு 13 குறியீடுகள், ஆசிரியர் என்ன செய்தார் என்பதற்கு 12: விரிவுரை கேட்டல், தனியாகச் சிந்தித்தல், குழுவாகக் கிளிக்கர் கேள்வியை விவாதித்தல், ஆசிரியர் கரும்பலகையில் எழுதுதல், மாணவர்களிடையே நடந்து சென்று வழிகாட்டுதல் என்று போகும். நடந்ததற்கு நேரே குறி இடுவதோடு வேலை முடிந்தது. நன்றாக நடத்தினார், சுமாராக நடத்தினார் என்று எழுதப் படிவத்தில் இடமே இல்லை. ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் எந்த ஆசிரியரும் இதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளலாம்.

மதிப்பீடு இல்லாததே இதன் வலிமை. வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளை ஆசிரியரிடம் நீட்டினால், ஐம்பது நிமிடத்தில் நாற்பத்து நான்கு நிமிடம் தாமே பேசியிருப்பதை அவரே பார்த்துக்கொள்வார். வேறு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. பின்னர் இதே படிவத்தைக் கொண்டு வட அமெரிக்காவின் 25 கல்வி நிறுவனங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியல், பொறியியல் வகுப்புகளை நோக்கி, 2018இல் வெளியான ஆய்வு, அவற்றில் 55 விழுக்காடு பெரிதும் விரிவுரையாகவே நடந்ததைக் காட்டியது.

ஒரு வார வகுப்பு

திட்டத்தின் மிகவும் பேசப்பட்ட சோதனை 2011 மே மாதம் சயின்ஸ் இதழில் வெளியானது. பொறியியல் மாணவர்களுக்கான முதலாண்டு இயற்பியல் பாடத்தில், தலா ஏறத்தாழ 270 மாணவர்கள் கொண்ட இரு பிரிவுகள். பருவத்தின் பதினோரு வாரங்கள் இரண்டுமே அனுபவம் மிக்க, மாணவர்களிடம் நல்ல பெயர் பெற்ற ஆசிரியர்களின் விரிவுரையில் சென்றன. பன்னிரண்டாம் வாரம் ஒரு பிரிவை மட்டும் லூயி டெலோரியே, எலன் ஷெலூ என்ற இரு இளம் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். முன்கூட்டியே படித்துவர ஒரு சிறு பகுதி, வகுப்பில் கேள்வி, குழு விவாதம், வாக்கு, உடனுக்குடன் விளக்கம். முறைப்படியான விரிவுரை ஏறக்குறைய இல்லை. மற்றப் பிரிவில் அதே பாடப்பகுதி அதே நோக்கங்களோடு விரிவுரையாகவே நடந்தது.

மூன்று மணி நேர வகுப்புக்குப் பின் 12 கேள்விகள் கொண்ட தேர்வு. விரிவுரைப் பிரிவின் சராசரி 41 விழுக்காடு. மற்றதன் சராசரி 74. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 23 விழுக்காடு வரக்கூடிய தேர்வு என்பதைக் கழித்துப் பார்த்தால் இடைவெளி இன்னும் பெரிதாகும். விரிவுரை இல்லாத பிரிவில் வருகையும் அந்த வாரத்தில் 57 விழுக்காட்டிலிருந்து 75 ஆக உயர்ந்தது. ஒரே வாரச் சோதனை, புதுமையின் ஈர்ப்பு, சோதனை நடத்தியவர்களே பாடமும் எடுத்தார்கள் என்று அப்போது எழுந்த மறுப்புகள் நியாயமானவை. அவற்றுக்கான விடை பின்னர் வேறிடத்திலிருந்து வந்தது: 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 விழுக்காடாகவும் மாணவர் ஈடுபட்டுக் கற்கும் வகுப்புகளில் 21.8 ஆகவும் இருந்தது.

ஆசிரியர் மேம்பாடு என்ற கோணத்தில் இந்தச் சோதனையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. விரிவுரை நடத்திய பேராசிரியருக்குப் பல்லாண்டு அனுபவம். மற்ற இருவருக்கும் கற்பித்தல் அனுபவம் சொற்பம், ஆனால் முறையான பயிற்சி இருந்தது. பணியில் கழியும் ஆண்டுகளே ஆசிரியரைத் தேர்ந்தவராக்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆசிரியர்களைத் தனியே விட்டுவிடுகின்றன. அந்த நம்பிக்கைக்கு இந்தச் சோதனை வலுவான மறுப்பு.

கைவிடாதவர்கள்

புதிய முறையை முயன்று பார்ப்பவர்கள் பலர்; தொடர்பவர்கள் குறைவு. அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களிடையே சார்லஸ் ஹெண்டர்சனும் மெலிசா டான்சியும் தம் குழுவினரோடு நடத்திய கணக்கெடுப்பில், ஆய்வு வழிப்பட்ட கற்பித்தல் முறைகளை முயன்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பின்னர் கைவிட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்தத் திட்டத்தின் துணையோடு அம்முறைகளுக்கு மாறிய 70 ஆசிரியர்களில் கைவிட்டவர் ஒரே ஒருவர். பெரும்பாலோர் அடுத்தடுத்த பருவங்களில் மேலும் புதிய முறைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். 2013இல் வெளியான இந்த எண்ணிக்கையையே திட்டத்தின் மிகப் பெரிய வெற்றியாக நான் கருதுகிறேன்.

காரணம் விளங்காததல்ல. முதல் பருவத்தில் எந்த ஆசிரியருக்கும் சறுக்கும். கேள்வி மிக எளிதாகிவிடும். அல்லது மாணவர்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அல்லது பாடம் பாதியில் நின்றுவிடும். தனியாக இருப்பவர், இது என் மாணவர்களுக்கு ஒத்துவராது என்ற முடிவுக்கு வந்துவிடுவார். பக்கத்து அறையில் ஆய்வாளர் இருந்தால், கேள்வியைச் சற்றுக் கடினமாக்குங்கள், முதல் வாக்கின் முடிவைத் திரையில் காட்டாமல் விவாதிக்க விடுங்கள் என்று அடுத்த வகுப்புக்குள் சொல்லிவிடுவார். கைவிடுவதும் தொடர்வதும் பெரும்பாலும் சறுக்கும் அந்தத் தொடக்க வாரங்களில் தீர்மானமாகிவிடுகின்றன.

நல்ல முறைகள் ஒரு பாடத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவியதும் இந்த ஆய்வாளர்கள் வழியாகத்தான். இரு கட்டத் தேர்வு ஓர் எடுத்துக்காட்டு: மாணவர்கள் முதலில் தனியாக எழுதித் தாளைக் கொடுத்துவிட்டு, உடனே மூன்று நான்கு பேராகக் கூடி அதே கேள்விகளுக்குச் சேர்ந்து விடை எழுதுவார்கள், மதிப்பெண்ணில் பெரும்பங்கு தனித்தேர்வுக்கு, சிறுபங்கு குழுவுக்கு. தேர்வு அறையில் விவாதம் மூளும்; ஏன் தவறானது என்பது தவறு செய்த அரைமணி நேரத்துக்குள் மாணவருக்குத் தெரிந்துவிடும். இயற்பியலில் ஒரு பாடத்தில் வேரூன்றிய இந்த முறை சில ஆண்டுகளுக்குள் பல அறிவியல் பாடங்களுக்குப் பரவியது. சுற்றறிக்கை எதுவும் இதற்காகப் போகவில்லை.

தடுக்கிய இடம்

எல்லாத் துறைகளும் ஒரே அளவு மாறவில்லை. புவி, கடல் அறிவியல் துறை வெகுதூரம் சென்றது. சில துறைகள் பணத்தைப் பெற்றும் மெதுவாகவே நகர்ந்தன. வீமன் பின்னர் எழுதிய நூலில் துறையே மாற்றத்தின் அலகு என்றும், துறைத் தலைமையின் ஈடுபாடு பெரும் வேறுபாட்டை ஏற்படுத்தியது என்றும் குறிப்பிடுகிறார். ஆசிரியர்களின் பிடிவாதத்தைப் பெருந்தடையாக அவர் சொல்லவில்லை. ஆய்வுக்கு மட்டுமே பரிசளிக்கும் பணி உயர்வு முறையைத்தான் சொல்கிறார். ஒரு பாடத்தை மாற்றியமைக்கச் செலவாகும் நேரம் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கான நேரம். கட்டுரை உயர்வுக்குக் கணக்காகும். மாற்றியமைத்த பாடம் கணக்காகாது. திட்டம் தந்த பணிச்சுமைக் குறைப்பும் உதவியாளர்களும் இந்த ஏற்றத்தாழ்வைச் சற்றுத் தணித்தன. அடிப்படையை அவற்றால் மாற்ற முடியவில்லை.

கற்பித்தலை மதிப்பிடப் பல்கலைக்கழகங்கள் நம்பியிருப்பது மாணவர் கருத்துப் படிவம். இந்தப் படிவத்தின் மதிப்பெண்ணுக்கும் மாணவர்கள் உண்மையில் கற்றதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று பாப் உட்டலும் உடனாய்வாளர்களும் 2017இல் தொகுப்பாய்வில் காட்டினார்கள். 2019இல் டெலோரியே ஹார்வர்டில் செய்த மற்றோர் ஆய்வு இன்னும் கவலை தருவது: ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள். மூளை உழைப்பதன் களைப்பை அவர்கள் புரியாமையாக எடுத்துக்கொண்டார்கள். ஆக, நன்றாகக் கற்பிக்க முயலும் இளம் ஆசிரியருக்குப் படிவத்தில் மதிப்பெண் குறைய வாய்ப்புண்டு. உயர்வுக் குழுவின் முன் அந்த எண் மட்டுமே போகிறது என்றால், அவரைப் பழைய முறைக்கே நிர்வாகம் தள்ளுகிறது என்றுதான் பொருள். மாற்றாகத் திட்டக் குழு 2014இல் கற்பித்தல் நடைமுறைப் படிவம் ஒன்றை வெளியிட்டது. பாடநோக்கங்களைத் தந்தீர்களா, வீட்டுப்பாடத்துக்குக் கருத்துரை கொடுத்தீர்களா, வகுப்பில் எவ்வளவு நேரம் விவாதத்துக்கு விட்டீர்கள் என்று கேட்கும் அந்தப் படிவத்தைப் பத்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். துறைகள் தங்கள் நிலையை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ள அது உதவியது. பணி உயர்வு விதிகளை அது மாற்றிவிடவில்லை.

நிதி முடிந்த பின்

வீமன் 2010இல் அமெரிக்க வெள்ளை மாளிகையின் அறிவியல் கொள்கை அலுவலகத்துக்குச் சென்றார். பின்னர் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தார். சாரா கில்பர்ட்டும் பிறரும் திட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். பெயர் பெற்ற தலைவர் போன பிறகும் திட்டம் நிலைத்ததற்கு, வேலை துறைகளுக்குள் நடந்துகொண்டிருந்ததுதான் காரணம். ஆய்வாளர்களில் சிலர் கற்பித்தலை முதன்மையாகக் கொண்ட நிலையான ஆசிரியப் பணிகளுக்குச் சென்றார்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய பணிநிரை பேராசிரியர் நிலை வரை செல்கிறது.

ஒரு கோடி டாலர் எல்லோரிடமும் இல்லை என்பது இந்த நிகழ்வைப் படிக்கும் எந்த நிர்வாகிக்கும் முதலில் தோன்றும் எண்ணம். அதனால் செலவு குறைந்த ஒரு கூறைச் சொல்லியாக வேண்டும். திட்டத்தின் பிற்பகுதியில் இணைக் கற்பித்தல் என்ற ஏற்பாடு வளர்ந்தது. புதிதாகச் சேர்ந்த ஆசிரியரும், மாற்றியமைத்த பாடத்தை ஏற்கெனவே நடத்திப் பழகியவரும் ஒரு பருவம் முழுவதும் ஒரே வகுப்பைச் சேர்ந்து நடத்துவார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இருவரும் இருப்பார்கள். ஒருவர் நடத்தும்போது மற்றவர் மாணவர் குழுக்களிடையே நடந்து அவர்கள் பேசுவதைக் கேட்பார். வகுப்பு முடிந்ததும் அன்றே பேசிக்கொள்வார்கள். பாடத்தின் கேள்விகளும் பயிற்சித் தாள்களும் கைமாறும்போது தொலைந்துபோகும் சிக்கலும் இதில் தீர்கிறது. இதற்குத் தேவை, அந்தப் பருவத்தில் இருவருக்குமே அதை முழுப் பாடமாகக் கணக்கிட்டு எழுதுவது. அந்தப் பணிச்சுமைப் பட்டியல் கற்பித்தல் மையத்திடம் இல்லை. துறைத் தலைவரின் மேசையில் இருக்கிறது.